மூன்றாம் லாட் தோட்டா

நான் ரைபிள் சுடுகிறேன் என்று கம்பெனியில் தெரிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "ஏனுங்க மேடம், என்னத்தைச் சுடுவீங்க? காட்டுப்பன்னியா, முயலா?" வேட்டையை எப்போதோ தடை செய்துவிட்டார்கள், நான் சுடுவது ஐம்பது மீட்டர் தூரத்தில் மாட்டிய காகிதத்தை என்று சொன்னால் கேட்டவர் முகம் வாடிவிடும். காகிதத்தைச் சுட எதற்கு இவ்வளவு அலப்பறை என்பதுபோல் ஒரு பார்வை வேறு. அந்தக் காகிதத்தின் நடுவில் இருக்கும் பத்து மார்க் வட்டம் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். எங்கள் நிட்டிங் ஷெட்டின் இந்தக் கதவில் படுத்துக்கொண்டு அந்தக் கதவில் தைத்த பொத்தானை அடிக்க வேண்டும், அறுபது தடவை. அடித்துப் பார்த்தால் தெரியும், பன்றி எவ்வளவோ தேவலை என்று.

திருப்பூர் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் துணித் தரம் பார்ப்பது என் வேலை. பத்தொன்பது வருஷமாக மெஷினிலிருந்து இறங்கும் துணி ரோல்களை விளக்குப் போட்ட மேஜையில் ஓடவிட்டு, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதுகிறேன். எழுதியதை மாற்றமாட்டேன். முதலாளியே வந்து நின்றாலும் மாற்றமாட்டேன் என்ற பெயர் எனக்கு உண்டு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. வாய் கொஞ்சம் நீளம் என்றும் ஒரு பெயர் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் இடது கைக்காரி. நான் சுடப் போகும் ரைபிள் கிளப்பில் இருந்த மூன்று ரைபிள்களும் வலது கைக்காரர்களுக்காகச் செய்தவை. ரைபிளில் தோளில் பொருத்தி, கன்னத்தை வைத்துப் படுக்கும் மரப்பாகத்தைக் கட்டை என்போம். வலது கைக் கட்டையில் இடது கன்னத்தை வைத்தால், வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டதுபோல் எல்லா இடத்திலும் இடிக்கும். இரண்டு வருஷம் அப்படியே சுட்டு, இரண்டு வருஷம் புலம்பினேன். என் புலம்பல் தாங்காமல் கிளப் கமிட்டி ஒரு ரைபிளுக்கு மட்டும் என் அளவில் இடது கைக் கட்டை செய்துகொள்ள அனுமதித்தது. வார்ப்படத்துக்கு மர அச்சுச் செய்யும் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் என்னை ஆறு தடவை பாயில் படுக்கவைத்துப் பார்த்து இழைத்துக் கொடுத்தார். முதல் நாள் அதில் கன்னத்தை வைத்தபோது எடுக்கவே மனம் வரவில்லை. நாற்பது வயசில் முதல்முறையாக ஒரு பொருள் என் கைக்கென்று செய்யப்பட்டிருந்தது. கத்தரிக்கோலில் தொடங்கி இந்த உலகத்தில் எல்லாமே வலது கைக்காரர்களுடையதுதான்.

ஆனால் அந்த ரைபிளை என்னைத் தவிர வேறு யாராலும் சுட முடியாமல் போய்விட்டது. மீதி இரண்டு ரைபிளுக்கு எல்லோரும் முறை வைத்துக் காத்திருந்தார்கள். வாரத்துக்கு வாரம் கட்டையை மாற்றி மாற்றிப் பூட்டவும் முடியாது, ஒவ்வொரு முறையும் குழல் உட்காரும் விதம் மாறி குறி தப்பிவிடும். ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

"ஏனுங்கம்மா, வர்ற மாநிலப் போட்டியில நீங்க ஐந்நூத்தி எழுபது எடுத்துட்டீங்கன்னா ரைபிள் உங்களுக்கே இருக்கட்டும்னு கமிட்டி சொல்லுதுங்க. இல்லீனா பழைய கட்டையையே மாட்டிர்றதுன்னு முடிவு பண்ணியிருக்கோமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபது. என்னுடைய அதுவரைக்குமான மிகச் சிறந்த மதிப்பெண் ஐந்நூற்று அறுபத்தாறு. நாலு மார்க்கில் என் கட்டை போய்விடும்.

அப்போதுதான் தோட்டா வந்தது. கிளப்புக்கு அந்த வருஷத்துக்கான பெட்டி வந்து இறங்கியபோது அதில் ஒரே கம்பெனியின் ஐந்து வெவ்வேறு லாட், அதாவது வெவ்வேறு வேளையில் செய்த தொகுப்புகள், இருந்தன. பார்க்க எல்லாம் ஒன்றுதான்: சுண்டுவிரலில் பாதி நீளம், மெழுகு பூசிய ஈயமுனை. மற்ற உறுப்பினர்கள் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ லாட் என்ற சொல்லைக் கேட்டதும் உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. திருப்பூரில் லாட் தெரியாமல் பிழைக்க முடியுமா? ஒரே மில், ஒரே நம்பர் நூல், ஆனால் லாட் மாறினால் துணி மாறும். இரண்டு லாட் கலந்துவிட்டால் சாயம் போட்ட பிறகு துணி முழுக்கப் பட்டை பட்டையாகக் காட்டிக் கொடுக்கும். நூலுக்கே இப்படியென்றால் தோட்டாவுக்கு?

செயலாளரிடம் கேட்டேன். ஆமாங்க, ஒவ்வொரு ரைபிள் குழலும் ஏதாவது ஒரு லாட்டைத்தான் விரும்பும், எதை விரும்பும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நாலு மார்க் என் கையில் இல்லாமல் அந்த ஐந்து பெட்டிகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்ப்பது, திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எனக்கு எந்த லாட் என்று எழுதிக் கொடுப்பது, அதற்குப் பிறகு மற்றவர்களுக்குப் பிரித்துவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

ஞாயிறு காலை என் கணவரையும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துப்பாக்கி என்றால் பத்தடி தள்ளி நிற்பார், ஆனால் நான் கேட்டுக்கொண்டபடி குழல் துடைக்க வெள்ளை பனியன் துணியைத் துண்டு துண்டாக வெட்டி டிபன் பாக்ஸில் அடுக்கிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு துண்டும் ஒரு அங்குலச் சதுரம், ஒரு நூல் கூடுதல் குறைவு இல்லை. தொழில் பக்தி.

என் திட்டம் பிசிறில்லாதது. ரைபிளை மேஜை மேல் ஒரு மணல் மூட்டையில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு லாட்டிலும் பத்துத் தோட்டா சுடுவது. முதலில் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு லாட் முடிந்ததும் ஒரு தடவை குழலைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் அடுத்த லாட்டைத் தொடங்குவது. நிட்டிங்கில் அப்படித்தான். நூல் லாட் மாற்றும்போது மெஷினைக் காற்றடித்து, ஒட்டிய பஞ்சையெல்லாம் எடுத்து, எண்ணெய் விட்டுத்தான் புது நூலை ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் பழைய லாட்டின் பஞ்சு புது லாட்டில் கலந்துவிடும். இதை எத்தனை ஆபரேட்டர்களிடம் கத்திச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

முதல் லாட் முடிந்து நான் குழலுக்குள் கம்பியை விட்டுத் துடைக்க ஆரம்பித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த செயலாளர் எழுந்து வந்தார்.

"ஏனுங்கம்மா, எதுக்குங்க ஒவ்வொரு தடவையும்..."

"சார், எங்க தொழில்ல லாட் மாத்துனா மெஷின் கிளீன் பண்ணாம தொடவே மாட்டமுங்க. அதெல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றேன்.

அவர் மறுபடியும் வாயைத் திறந்தார். "பத்தொம்பது வருஷமா இதே வேலைங்க சார் எனக்கு," என்று முந்திக்கொண்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வாய் நீளம் என்றேனே, அது இதுதான்.

முதல் லாட் சிதறிப் போயிருந்தது. துடைத்தேன். இரண்டாவதும் சிதறல்தான். துடைத்தேன். மூன்றாவதில் முதல் நாலு குண்டு நாலு திசைக்குப் போயிற்று, கடைசி ஆறு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. இருந்தாலும் எங்கள் மேஜையில் ஒரு ரோலின் மோசமான இடத்தை வைத்துத்தான் அந்த ரோலுக்கு மதிப்பு. நாலு குண்டு வெளியே போன லாட்டுக்குப் பாஸ் போட நான் என்ன இன்றைக்கா வேலைக்குச் சேர்ந்தேன்? காகிதத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ரிஜெக்ட் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். நாலாவதும் அதே கதை.

ஐந்தாவதுக்கு முன்னால் கணவர் டிபன் பாக்ஸைக் கவிழ்த்துக் காட்டினார். "அம்மிணி, துணி தீந்துபோச்சு. நீ கேட்ட கேட்டுக்கு ஒரு ரோல் கொண்டாந்திருக்கோணும்."

வேறு வழியில்லாமல் துடைக்காமலே ஐந்தாவது லாட்டைச் சுட்டேன். பத்துக் குண்டும் ஓர் ஐந்து ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிட்டன. நான் நாற்காலியிலிருந்து துள்ளிய துள்ளலில் மணல் மூட்டை உருண்டது. துடைக்காத குழலிலேயே இப்படிச் சுடுகிறதென்றால் துடைத்தால் எப்படிச் சுடும் என்று கணவரிடம் மார்தட்டினேன். அங்கேயே ஐந்தாம் லாட் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். பன்னிரண்டாம் நம்பர் மெஷினில் அப்போதுதான் நூல் லாட் மாற்றி ஓட்டியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போனபோது மெஷினுக்கு அடியில் துணி முழக்கணக்கில்தான் இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். எண்ணெய்க் கோடு, ஊசிக் கோடு, எல்லாக் குறையும் இருந்தன. "என்னங்க துணி ஓட்டறீங்க? நிறுத்துங்க மெஷினை," என்று ஆரம்பித்தேன்.

ஆபரேட்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரொம்ப நிதானமான மனிதர். "மேடம், மொத ரெண்டு மீட்டரை வச்சு எப்பிடி சொல்லுவீய? மெஷினைத் தொடைச்சு எண்ணெ விட்டா மொதல்ல அப்பிடித்தான் வரும். அதை வெட்டிப் போட்டுட்டுல்லா பாக்கணும்," என்றார். பிறகு தூணில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். "நீங்கதான எழுதி ஒட்டியிருக்கிய. கையெழுத்து உங்களதுதான மேடம்."

தூணைப் பார்த்தேன். லாட் மாற்றி மெஷின் சுத்தம் செய்த பிறகு வரும் முதல் இரண்டு மீட்டர் துணியைத் தரம் பார்க்கக் கூடாது என்று என் கையெழுத்தோடு எழுதியிருந்தது.

எனக்கு அந்த நிமிஷமே மூன்றாம் லாட் காகிதம் கண் முன்னால் வந்தது. வெளியே போன நாலு குண்டு. அதுதான் முதல் இரண்டு மீட்டர். உள்ளே ஒட்டி நின்ற ஆறு குண்டுதான் துணி. நான் நாலு லாட்டையும் அவற்றின் முதல் இரண்டு மீட்டரை வைத்து ரிஜெக்ட் செய்திருந்தேன். ஐந்தாவதுக்கு மட்டும் துடைக்கத் துணி இல்லை, அதனால் அது தப்பித்தது. செயலாளர் இரண்டு தடவை வாயைத் திறந்தாரே, எதற்கு என்று இப்போது புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே ஒரு சந்தோஷமும் கிளம்பியது, அதுதான் பெரிதாக இருந்தது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அரைநாள் லீவு எழுதி வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மங்கலம் ரோட்டில் துணி பண்டல் ஏற்றிய டெம்போ ஒன்று விலகமாட்டேன் என்று முன்னால் ஊர்ந்தது. அதன் டிரைவருக்கு நான் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது செயலாளர் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"தொடைச்ச பேரல் கொஞ்சம் குண்டு போனாத்தானுங்க நிலைக்கு வரும்னு சொல்ல வந்தனுங்க. தோட்டாவுல இருக்கற மெழுகு உள்ள படியோணுமில்லீங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க சார்?"

"நீங்க எங்கீங்க விட்டீங்க," என்றார். முகத்தில் சிரிப்புகூட இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு ஆயுத அறையைத் திறக்கப் போனார்.

துடைக்கும் கம்பியைத் தொடவே இல்லை. ஒவ்வொரு லாட்டிலும் முதல் பத்துத் தோட்டாவைக் காகிதத்துக்குப் பின்னால் இருந்த மணல் மேட்டில் விட்டேன். இரண்டு மீட்டரை வெட்டிப் போடுவதாக நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பத்தைத்தான் காகிதத்தில் சுட்டேன். முதல் லாட் பரவாயில்லை. இரண்டாவது மேலும் கீழுமாக நீண்டது. மூன்றாவதைச் சுடும்போது தொலைநோக்கியில் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டு, ஐந்தாவது குண்டிலேயே பார்த்துவிட்டேன். ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது. மீதி நாலு குண்டு எங்கே போயிற்று என்று ஒரு கணம் பதறிப்போனேன். பத்தும் முடித்துக் காகிதத்தை எடுத்து வந்து பார்த்தால், பத்துக் குண்டும் சேர்ந்து ஒரு கிழிசல், அவ்வளவுதான். என் சட்டைப் பொத்தானை அதன் மேல் வைத்தேன், ஏறத்தாழ மூடிவிட்டது. நாலாவதையும் ஐந்தாவதையும் முறைப்படி சுட்டேன். ஐந்தாவது இன்றைக்கும் அதே ஐந்து ரூபாய்க் காசுதான். பாவம், அது பொய் சொல்லவில்லை. நான்தான் மற்ற நாலையும் பேசவிடவில்லை.

"மூணாவது லாட்டுங்க சார்," என்றேன்.

அவர் மூன்றாம் லாட்டின் நேற்றைய காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் சிவப்பில் பெரிதாக ரிஜெக்ட். "இதை நீங்களே அடிச்சுக் கொடுத்துருங்க. இல்லீனா நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க."

பத்தொன்பது வருஷத்தில் நான் போட்ட ரிஜெக்டை நான் அடித்ததே இல்லை. பேனாவைத் திறந்து, ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் பாஸ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, போட்டிவரை பூட்டி வைக்க அவரிடம் கொடுத்தபோது, அந்தக் கிழவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

போட்டி அடுத்த மாதம் வெளியூரில் நடந்தது. பத்துப் பத்தாக ஆறு சுற்று. பயிற்சிக் குண்டுகளில் குழலை நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஆரம்பித்தேன். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்து. என் வாழ்நாளில் அப்படி ஐந்து சுற்று தொடர்ந்து வந்ததில்லை. கடைசிச் சுற்றில் தொண்ணூற்று நாலு எடுத்தால் போதும்.

கடைசிச் சுற்றின் மூன்றாவது குண்டு எட்டுக்குப் போயிற்று. ஏழாவதும் எட்டு. முன்பெல்லாம் இப்படி ஒரு எட்டு விழுந்தால், தோட்டா மட்டம், கட்டை சரியில்லை, காற்று, வெயில் என்று ஒரு பட்டியலே வைத்திருப்பேன். படுத்தபடியே அந்தத் தோட்டாக்களைப் பார்த்தேன். அவற்றின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது, நானே பாஸ் போட்டவை. கட்டையும் எனக்கென்றே இழைத்தது. இந்த எட்டு என்னுடையது, விரலை அவசரப்பட்டு இழுத்தவள் நான். அப்படி ஒப்புக்கொண்டதும் மூச்சு தானாக அடங்கியது. ரைபிளைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கண்ணை மூடி இருபது எண்ணினேன். எட்டாவது பத்து. ஒன்பதாவதும் பத்து.

கடைசிக் குண்டுக்கு ஒன்பது மார்க் வேண்டும். கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். இதற்குப் பிறகு இந்த மரத்தில் கன்னம் வைக்க முடியாமல் போகலாம் என்று தோன்றியது. அதனால் ஒரு நொடி அதிகமாகவே வைத்திருந்தேன், மார்க்குக்காக அல்ல. பிறகு குறியைப் பார்த்தேன், விரலை மெதுவாக அழுத்தினேன், பக்கத்திலிருந்த மதிப்பெண் திரையில் பத்து என்று வந்தது. ஐந்நூற்று எழுபத்தொன்று.

எழுந்திருக்க முடியவில்லை. பாயிலேயே குப்புறக் கிடந்து அழுதேன். நடுவர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லீங்க, சந்தோஷம் என்றேன்.

வெளியே வந்தபோது செயலாளர் மதிப்பெண் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் பெயருக்கு நேரே இருந்த எண்ணை மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தடவை படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஏனுங்கம்மா, பழைய கட்டையை மாட்டறதுக்கு நாளைக்குக் காலையில ஆசாரியை வரச் சொல்லியிருந்தனுங்க," என்றார். "வேண்டாம்னு சொல்லிப் போடட்டுங்களா?"

"சொல்லிப் போடுங்க சார்," என்றேன். அவர் பேசி முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.